பத்து நிமிடத் திருத்தம்

அந்த வீட்டில் கதை எழுதுகிறவள் மனைவி. அதைக் கணினியில் அடித்துக் கொடுக்கிறவர் கணவர். அவர் முப்பத்து நான்கு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் அவரை லிப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவள். அவளை ஆபரேட்டரம்மா என்பார்கள். முதல் கதையை எழுதும்போது அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. இப்போது அறுபத்து மூன்று. பதினான்கு கதைகளோடு முதல் புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது.

"இத்தனை வருஷம் எழுதாம என்ன செஞ்சாங்க?" என்று யாராவது கேட்டால் லிப்ட்காரர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"கேட்டுக்கிட்டு இருந்தா."

ஓடுகிற எதைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியாது. மிக்ஸியைக் கழற்றிப் பார்த்தவர், தையல் மெஷினைக் கழற்றிப் பார்த்தவர். மனைவி எழுத உட்கார்ந்ததும் அதையும் அப்படியே கவனிக்கத் தொடங்கினார். ஐந்து வருடம் கவனித்ததில் முக்கால்வாசி பிடிபட்டிருந்தது.

முதல் வேலை பலகை. பின்னறைச் சுவரில் ஒரு பிளைவுட் பலகை. அதில் நாற்பது கொக்கிகளை வரிசையாக அடித்துக் கொடுத்தவர் அவர்தான். கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கொக்கி, கொக்கிக்குக் கீழே ஓர் அட்டைத்துண்டு. இரண்டு பேர் கதையில் பேசிக்கொண்டால் இரண்டு கொக்கிகளுக்கும் நடுவில் ஒரு நூல் கட்டுவாள். ஒருவர் பேச விரும்பி மற்றவர் பேசாமல் இருந்தால், நூலின் ஒரு முனையை மட்டும் கட்டி மறுமுனையைத் தொங்க விடுவாள். பழைய இணைப்பகப் பலகையில் அவள் இருபத்தைந்து வயதில் செய்த அதே வேலை.

"எல்லா நூலும் கட்டியாச்சுன்னா அங்க கதை இல்லீங்க. எது தொங்குதோ அங்கதான் இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். அவர் அதைத் தன் பழைய பராமரிப்பு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

இரண்டாவது, பேசிப் பார்ப்பது. ஓய்வு பெற்ற அன்று சக ஊழியர்கள் அவளுடைய பழைய ஹெட்செட்டையே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, எதிலும் சொருகாத ஒயரை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் குரலிலும் பேசுவாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது லிப்ட்காரருக்குக் கதி கலங்கிவிட்டது.

"யார்கிட்டம்மா பேசற?"

"இருங்க, இன்னும் லைன் கிடைக்கல."

மூன்றாவது, கடிகாரம். பேச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, பேச்சுக்கு நடுவில் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்று மேசைக் கடிகாரத்தை வைத்து அளப்பாள். மருத்துவமனைக்கு வருகிற அழைப்புகளில், 'ஹலோ'வுக்குப் பிறகு இரண்டு நொடி சும்மா இருப்பவர் வழி கேட்கப் போகிறார் என்றும், ஐந்து நொடி சும்மா இருப்பவர் ஒரு பெயரைச் சொல்லி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கப் போகிறார் என்றும் அவளுக்குத் தெரியும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பென்சில். கோடு போட்ட நோட்டில் வலது பக்கத்தில் மட்டும் எழுதுவாள். இடது பக்கம் பழுது பார்க்க. நோட்டு நிறைந்ததும் லிப்ட்காரர் இரண்டு விரலால் அடிக்கத் தொடங்குவார். திரையைப் பார்த்தால் அவளுக்குக் கண் எரியும். அதனால் அவர் அடித்ததை அவள் திரும்பப் பார்ப்பதில்லை. அப்படியே பதிப்பகத்துக்குப் போய்விடும். ஐந்து வருடத்தில் அவர் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றியதில்லை. கடைசிக் கதை வரைக்கும்.

கடைசிக் கதையின் பெயர் 'நடுமாடி'. அப்பாவின் ஆபரேஷனுக்குத் தம்பி வரவில்லை என்பதால் பதினோரு வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணனும் தம்பியும் ஒரே லிப்ட்டில் தற்செயலாக ஏறுகிறார்கள். லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. நான்கு மணி நேரம். இதை அவள் தொலைபேசியில் வாயால் சொன்னபோதே பதிப்பாசிரியருக்கு மிகவும் பிடித்துப்போய், புத்தகத்துக்கே 'நடுமாடி' என்று பெயர் வைத்து அட்டையையும் அச்சடித்துவிட்டார்.

லிப்ட்காரர் மூன்றாம் பக்கத்தில் 'நான்கு மணி நேரம்' என்ற இடத்துக்கு வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அவருடைய கோபத்தைப் புரிந்துகொள்ள லிப்ட்டின் பிரேக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சைக்கிள் பிரேக் பிடித்தால்தான் பிடிக்கும். லிப்ட்டின் பிரேக் அதற்கு நேர்மாறு. மின்சாரம் இருந்தால்தான் விடும். மின்சாரம் போன நொடியில் தானாகவே கவ்விக்கொள்ளும். ஆகவே லிப்ட் விழாது, நிற்கும். மேலே மோட்டார் அறைச் சுவரில் பிரேக் லிவர் என்று முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி தொங்கும். ஒருவர் அதைச் செருகி பிரேக்கை நெம்பிப் பிடித்துக்கொண்டால், இன்னொருவர் மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிப்ட்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டு வந்துவிடலாம். ஆக மொத்தம் பத்து நிமிடம். வேலை தெரிந்த எந்த மெக்கானிக்கும் ஆட்களை நான்கு மணி நேரம் உள்ளே விட மாட்டான்.

இதுதான் வெளியே சொல்லக்கூடிய காரணம். இன்னொன்றும் இருந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் மோட்டார் புகைந்து லிப்ட் நின்றுபோனது. உள்ளே ஓர் அலுவலகப் பெண், பார்சல் கொண்டுவந்த ஓர் ஆள். லிப்ட்காரர் மேலே ஓடினார். சுவரில் லிவர் இல்லை. எப்படி இருக்கும்? முந்தைய வாரம் வேறொரு கட்டடத்தில் லிவர் வளைந்திருந்ததால், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று அதை எடுத்துப் போனவரே அவர்தான். மறந்துவிட்டார். கூட வேலை பார்த்த கூட்டாளி அதை எடுத்துவர ஸ்கூட்டரில் பறந்தார். லிவர் இருந்த கட்டடத்தின் மோட்டார் அறைச் சாவி காவலாளியிடம். காவலாளியோ விடுப்பில். ஆளைத் தேடிப் பிடித்து, லிவரோடு திரும்பி வர நான்கு மணி பத்து நிமிடம் ஆயிற்று. அன்று ஏன் தாமதம் என்று மனைவி கேட்டபோது, கேபிள் மாற்றுகிற வேலை என்று சொல்லிவிட்டார். கூட்டாளியும் இப்போது உயிரோடு இல்லை. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மனைவியின் பென்சில் எழுத்தில் நான்கு மணி நேரம்!

எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் எழுதியிருக்கிறாள். நோட்டில் ஆறு இடத்தில் 'நான்கு மணி நேரம்' இருந்தது. ஆறையும் 'பத்து நிமிடம்' என்று அடித்தார். பிரேக்கைப் பற்றி மூன்று வாக்கியம் சொந்தச் சரக்காகச் சேர்த்தார். அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை காலை பதிப்பாசிரியர் கூப்பிட்டார். நாற்பது வயதுப் பெண்மணி, வேகமாகப் பேசுகிறவர். ஆபரேட்டரம்மா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். லிப்ட்காரர் எதிரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, 'நடுமாடி'யில ஒண்ணு கேக்கணும். பதினோரு வருஷம் பேசாதவங்க பத்து நிமிஷத்துல சண்டை போட்டு, அழுது, சமாதானமும் ஆயிடறாங்க. நடுவுல தம்பி ஒரு தூக்கம் வேற போட்டு எழுந்திரிக்கிறாரு."

"தூக்கம் இருக்கட்டும்மா. என்ன பத்து நிமிஷம்?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க. பிரேக் பத்தி ஒரு பாடமே இருக்கே."

அம்மாள் எதிரே பார்த்தாள். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. லிப்ட்காரர் மேலும் துடைத்தார்.

"நேரத்தைச் சரி பண்ணிடறேன்மா" என்றாள்.

"அது மட்டும் இல்லம்மா. முதல் வார்த்தை. பதினோரு வருஷம் கழிச்சு அண்ணன் திடீர்னு 'நல்லா இருக்கியா'ன்னு கேக்கறாரு. எனக்கு அது ஒட்டவே மாட்டேங்குது."

"எனக்கும் ஒட்டல. ஒரு மாசமா முட்டிக்கிட்டு இருக்கேன்."

"வெள்ளிக்கிழமை மதியம் அச்சுக்குப் போகணும்மா. அட்டையில அந்தப் பேரைப் போட்டாச்சு. அந்தக் கதை நிக்காம மத்த பதிமூணை மட்டும் கொடுக்க முடியாது. தள்ளிப்போனா அடுத்த வருஷ வரிசையிலதான் சேர்க்க முடியும். அதுவும் எங்க முதலாளி என்ன சொல்வாரோ."

"வெள்ளிக்கிழமை வரும்மா" என்று சொல்லி அம்மாள் போனை வைத்தாள். அறுபத்து மூன்று வயதில் அடுத்த வருடம் என்பது எவ்வளவு தூரம் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

"மாத்தினது நீங்கதானே" என்றாள்.

"தப்பா இருந்துச்சு. சரி பண்ணேன்."

"எது தப்பு?"

அவர் பிரேக், லிவர், சக்கரம், பத்து நிமிடம் என்று ஒன்று விடாமல் விளக்கினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடித்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அந்தச் சும்மா இருத்தல் எத்தனை நொடி என்று அவர் மனதுக்குள் எண்ணத் தொடங்கியதே தப்பாகப் போயிற்று.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, அவ்வளவுதான்."

"இல்லைங்க. நீங்க நிறுத்தின இடத்துல ஒருத்தர் லைன்ல நிக்கிறாரு. அவரையும் பேச விடுங்க."

லிப்ட்காரருக்குத் தாங்கவில்லை. "உனக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சுதானே நாலு மணி நேரம்னு எழுதியிருக்க. எனக்கும் ஒரு தடவை நடந்துச்சு. ஒன்பது மாடிக் கட்டடத்துல, நாலு மணி பத்து நிமிஷம். யார் சொன்னாங்க உனக்கு?"

அவள் நிஜமாகவே வாயைத் திறந்தபடி நின்றாள்.

"எனக்கு யாரும் சொல்லலீங்க."

"பின்ன எப்படி நாலு?"

"கடிகாரத்தை வெச்சுப் பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அடுத்தது சண்டை, அது ஒண்ணே கால். சண்டை முடிஞ்சா அலுப்புல தம்பி தூங்குவான், அது ஒரு முக்கால். அப்புறம்தான் அப்பாவைப் பத்திப் பேச முடியும், அது ஒரு மணி நேரம். கூட்டினா நாலு. மூணுல முடிக்கலாம்னு பார்த்தேன், முடியல."

லிப்ட்காரர் உட்கார்ந்துவிட்டார். நடக்காத ஒன்றைக் கடிகாரத்தை வைத்து அளந்து, நடந்ததற்குப் பத்து நிமிடம் குறைவாக வந்து நின்றிருக்கிறாள். அவருடைய பராமரிப்பு நோட்டில் இதற்கு இடமே இல்லை.

"கேபிள் மாத்தற வேலைன்னு பொய் சொல்லியிருக்கீங்க என்கிட்ட" என்று அவள் சொன்னாள், கோபமில்லாமல். "அன்னிக்கு சாப்பிடாம படுத்தீங்க. நான் வயித்து வலின்னு கஷாயம் வெச்சுக் கொடுத்தேன். குடிச்சீங்க வேற."

"கசப்பா இருந்துச்சு."

"இருக்கட்டும். அந்த நாலு மணி நேரமும் நீங்க எங்க இருந்தீங்க?"

"மேல் மாடியில. கதவைத் திறந்தா லிப்ட் கூரைக்கு மேல ஒரு சாண் சந்து இருக்கும். ஆள் வர முடியாது, குரல் போகும். தரையில படுத்துக்கிட்டு பேசிக்கிட்டே இருந்தேன். உள்ள இருக்கறவங்க பயப்படக் கூடாதில்ல."

"என்ன பேசினீங்க?"

"லிப்ட் எப்படி ஓடுதுன்னு."

"நாலு மணி நேரமுமா?"

"நெறைய பார்ட் இருக்கும்மா."

அவள் சிரிக்கவில்லை. அவரைத் தாண்டி எதையோ பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். லைன் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவரைப் பின்னறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். கடிகாரத்தோடும் ஹெட்செட்டோடும் உள்ளே போனாள்.

"நான் கதவைச் சாத்திக்கிறேன். நீங்க அன்னிக்குப் பேசின மாதிரியே பேசுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

"எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?"

"எதுல இருந்து ஆரம்பிச்சாலும் நிறுத்த மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆரம்பிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்து, கயிற்றிலிருந்து ஆரம்பித்தார். லிப்ட்டை ஒரு கயிறு தாங்குவதில்லை, ஐந்தாறு கயிறுகள் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் தனியாகவே முழுப் பாரத்தையும் தாங்கும். அடுத்து எதிர்எடை. லிப்ட் மேலே போகும்போது ஏறத்தாழ அதே அளவு கனமான இரும்பு பின்னால் கீழே இறங்குகிறது. தராசு மாதிரி. ஆகவே மோட்டார் தூக்குவது மொத்த லிப்ட்டை அல்ல, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். இந்த இடத்தில் எப்போதும்போல் அவருக்கே குதூகலம் வந்துவிட்டது. வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் ஆப்புகளுக்குப் போனார். கதவுப் பூட்டுக்குப் போனார். அடியில் இருக்கும் ஸ்பிரிங்குக்குப் போனார். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. உள்ளே சத்தமே இல்லை.

திடீரென்று உள்ளே இருந்து, அடித்தொண்டையில், ஒரு பெரிய மனிதரின் சலிப்புக் குரல் கேட்டது.

"இந்த ஆளு மூச்சே விட மாட்டானா?"

லிப்ட்காரருக்குச் சுருக்கென்றது. உட்கார வைத்துப் பேசச் சொல்லிவிட்டு இப்படிச் சொன்னால் எப்படி? எழுந்துவிடலாமா என்று நினைக்கிறபோதே, கொஞ்சம் மெல்லிய இன்னொரு குரல் வந்தது.

"மெதுவாண்ணா. காதுல விழுந்துரப் போகுது."

"விழட்டும். ஸ்பிரிங்காம், ஸ்பிரிங்கு. நம்ம வீட்டு மெத்தையில இல்லாத ஸ்பிரிங்கா?"

"அதுலதான் நீ குதிச்சுக் குதிச்சு உடைச்சியே."

"நானா? நீ குதிச்ச. அப்பாகிட்ட அடி வாங்கினது நான்."

லிப்ட்காரருக்குப் புரிந்தது. அவள் அவரைச் சொல்லவில்லை. அண்ணன் தம்பியிடம் பேசிவிட்டான். பதினோரு வருடத்துக்குப் பிறகு. நல்லா இருக்கியா, மன்னிச்சிரு என்றெல்லாம் இல்லை. வெளியே ஒருவன் அறுக்கிற அறுவையைத் தாங்க முடியாமல்.

உள்ளே குரல்கள் மாறி மாறி வந்தன. அவர் சட்டென்று ஒன்றை உணர்ந்தார். தான் பேச்சை நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுவார்கள். மனைவி நாற்காலி போட்டுக் கொடுத்த வேலை இது. நிறுத்தக் கூடாது. ஆனால் சொல்ல என்ன மிச்சம்? கயிறு முடிந்தது, எடை முடிந்தது, ஆப்பு, பூட்டு, பொத்தான், விசிறி, உள்விளக்கு எல்லாம் முடிந்தது. லிப்ட் முழுவதையும் சொல்லியாயிற்று. ஒரே ஒரு பாகம்தான் பாக்கி. அன்றைக்கும் நான்கு மணி பத்து நிமிடம் எல்லாவற்றையும் சொல்லி, அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார். நேற்று மனைவியிடமும் அது அன்று இல்லாமல் போன காரணத்தைச் சொல்லவில்லை.

"அப்புறம் பிரேக் லிவர்னு ஒண்ணு இருக்கு" என்றார் கதவைப் பார்த்து. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அது மேல சுவத்துலதான் தொங்கணும். இப்ப இல்ல. நான்தான் எடுத்துட்டுப் போனேன். வேற இடத்துக்குத் தேவைப்பட்டுச்சு, சாயங்காலமே மாட்டிடலாம்னு நினைச்சேன். மறந்துட்டேன். ஸ்பேர் பார்ட் வந்துக்கிட்டு இருக்குன்னு உங்ககிட்ட சொன்னது பொய். நீங்க பத்து நிமிஷத்துல வெளிய வந்திருக்க வேண்டியவங்க. அந்தம்மா ரெண்டு தடவை அழுதாங்க. பார்சல்காரர் தன் தண்ணி பாட்டிலை அவங்களுக்குக் கொடுத்தாரு. வெளிய வந்ததும் ரெண்டு பேரும் என் கையைப் பிடிச்சு நன்றி சொன்னாங்க. நான் வாங்கிக்கிட்டேன்."

உள்ளே அண்ணனும் தம்பியும் மெத்தையைத் தாண்டி ஏதோ தெருவுக்குப் போயிருந்தார்கள். இரண்டு குரலும் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. பிறகு அவை நின்று, பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. அவள் அவரை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டாள். அவர் தானாகவே நிறுத்தி, எழுந்து போய் டீ போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நோட்டு கைக்கு வந்தது. இடது பக்கமெல்லாம் நிறைந்திருந்தது. முன்பு கடைசிப் பத்தியில் வந்து கதவைத் திறந்துவிட்டுப் போகிற, முகமில்லாத மெக்கானிக், இப்போது மூன்றாம் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார். ஒன்பது பக்கம் பேசினார். லிப்ட்காரர் இரண்டு விரலால் அடித்துக்கொண்டே வந்தார். தன்னை இப்படிக் கேலி செய்திருக்கிறாளே என்று நான்காம் பக்கத்தில் நினைத்தார். ஐந்தாம் பக்கத்தில் அவரே சிரித்தார். எதிர்எடையை அவள் தராசு என்று எழுதாமல், 'ஏறி இறங்கும் சீசா பலகையின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் தம்பி' என்று எழுதியிருந்த இடத்தில் அடிப்பதை நிறுத்தினார். முப்பத்து நான்கு வருடமாக அவர் தேடிய விளக்கம் அது.

பதினோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'வெளியே அந்த ஆள் குரலை இறக்கி ஏதோ ஒரு லிவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் அதைக் கேட்கவில்லை.'

அவ்வளவுதான். மறந்தது, பொய், பார்சல்காரர், தண்ணீர் பாட்டில் எதுவும் இல்லை. அடுத்த வரியில் அண்ணன் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். லிப்ட்காரர் அந்த இரண்டு வாக்கியத்தையும் மூன்று தடவை படித்தார். ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, ஒரு புள்ளி எடுக்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினார்.

ஒரு மணிக்குப் பதிப்பாசிரியர் கூப்பிட்டார்.

"அம்மா, அச்சுக்குக் கொடுத்துட்டேன். அந்த முதல் வார்த்தையை எங்கம்மா பிடிச்சீங்க? ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கிறோம்."

"கதவுக்கு வெளிய இருந்துச்சு" என்றாள் அம்மாள்.

போனை வைத்த பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். லிப்ட்காரர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"லிவரைப் பத்தி நான் சொன்னதை எல்லாம் விட்டுட்டியே."

"அந்த நேரத்துல அவங்களுக்கு அது காதுல விழாதுங்க."

"அவங்களுக்கு விழாது, சரி."

அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் கேட்டேன்" என்றாள். "முழுசும் கேட்டேன்."